சாம்பிராணியில் வைத்த ஜீரோ

ஓசூர் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே இன்ஜின் சோதனைக்கூடத்தின் டெக்னீஷியன் நான். மெஷினும் மீட்டரும் எனக்குப் பிள்ளைகள் மாதிரி. யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால்கூடப் பொல்லாத கோபம் வரும்.

எங்கள் துறை மேடம் மாங்கொட்டை எண்ணெயில் டீசல் இன்ஜினை ஓட்டி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரிகள் கழித்துப்போடும் கொட்டைதான். சீசனில் மூட்டை மூட்டையாக வாங்கிவந்து இருவரும் உடைத்தோம். கடைசியில் தேறியது இரண்டே சோதனை ஓட்டத்துக்கான எண்ணெய். புகை டீசலைவிடக் குறைந்தால்தான் அவருடைய பிஎச்.டி. கரையேறும்.

முதல் ஓட்டம் விஜயதசமியன்றுதான் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். மேடம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். என் பூஜைக்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கற்பூரம் அணையக்கூடாதென்று எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினேன். எல்லா மீட்டருக்கும் சாம்பிராணி காட்டினேன். நல்ல நேரம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. அவசர அவசரமாகப் புகை மீட்டரின் முள்ளைத் திருப்பி ஜீரோ வைத்து, ஃபேனைப் போட்டு, இன்ஜினைக் கிளப்பினேன்.

டீசலில் வரும் புகையில் பாதிகூட இல்லை. மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே வீட்டுக்குப் போன் செய்து சொன்னார்.

இன்ஜினை நிறுத்திய பிறகுதான் கவனித்தேன். சுத்தமான காற்றில் முள் ஜீரோவுக்குக் கீழே நின்றது. சாம்பிராணிப் புகையைக் காட்டி, இதுதான் சுத்தமான காற்று என்று மீட்டரை நம்பவைத்திருக்கிறேன். அதனால் இன்ஜின் புகையை அது குறைத்துச் சொல்லியிருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. மேடம் சிரித்த சிரிப்பைப் பார்த்தபோது மூடிக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது.

"மேடம், தப்பு பண்ணிட்டனுங்க. ஜீரோ வெச்சப்ப ரூமெல்லாம் சாம்பிராணிப் பொகை. இந்த ரீடிங் ஆகாதுங்க."

அவர் குனிந்து முள்ளைப் பார்த்தார். "இன்னொரு ஓட்டத்துக்கு எண்ணெய் இருக்கில்லண்ணா?"

"இருக்குதுங்க. அதோட தீந்துது."

மறுநாள், இருவரும் சேர்ந்து பார்த்து ஜீரோ வைத்து ஓட்டினோம். புகை டீசலைவிடக் குறைவுதான், ஆனால் கொஞ்சம்தான்.

"கொஞ்சம்னாலும் கம்மிதானேண்ணா" என்றார் மேடம். பிறகு ரிஜிஸ்டரில் முதல் நாள் பக்கத்தை அடித்து, கீழே ஏதோ எழுதிவிட்டு வகுப்புக்குப் போனார். பிழைக்குக் காரணம் என்று என்னைத்தான் எழுதியிருப்பார், எழுதட்டும் என்று எடுத்துப் பார்த்தேன். 'ஜீரோவைச் சரிபார்க்காமல் ஓட்டவிட்டது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அங்கேயே அழுதுவிட்டேன். அப்புறம் பேனாவை எடுத்து, அதன் கீழே 'ஜீரோ வைத்தது நான்' என்று எழுதி, நானும் கையெழுத்துப் போட்டேன்.