பேட்டரி போட்ட துப்பாக்கி

எங்கள் ரப்பர் தோட்டத்துக் கிளப்பில் இரண்டு காற்றுத் துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று பழையது, சுருள்வில்லால் வேலை செய்வது. மற்றது பேட்டரி போட்டது. பேட்டரிதான் குண்டைத் தள்ளுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். தள்ளுவது காற்றுதான். விரல் ட்ரிக்கரை அழுத்தியதும் அந்தக் காற்றைத் திறந்துவிடும் வேலையை மட்டும் மின்சாரம் செய்யும். இதை நான் தோட்டத்தில் எத்தனையோ பேருக்குப் பொறுமையாக விளக்கியிருக்கிறேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு எல்லாரும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்பார்கள்.

"பேட்டரி செத்துப்போச்சுன்னா என்னா செய்வே?"

மாற்றுவேன். வேறென்ன செய்வது? பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்பதற்காக யாராவது மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் ஆற்றில் தள்ளுகிறார்களா? அதுவும் அந்தத் துப்பாக்கியில் பேட்டரி பலவீனமாகும்போதே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்து சொல்லிவிடும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எந்த மோட்டாரும் அப்படி முன்கூட்டிச் சொல்லி நின்றதில்லை.

புக்கிட் பெலண்டோக்கிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போனால் எங்கள் தோட்டம். எண்பதுகளின் கடைசியில் அங்கே இருந்த மேனேஜருக்குச் சுடுவதில் பைத்தியம். கிளப் மண்டபத்துக்குப் பின்னால் குறிபார்த்துச் சுட ஓர் இடம் கட்டி, கிளப் பெயரில் போலீஸ் லைசென்ஸ் எடுத்து, பூட்டு வைத்த இரும்பு அலமாரியும் வாங்கிப் போட்டார். மாற்றலாகிப் போகும்போது இரண்டு துப்பாக்கிகளையும் கிளப்புக்கே விட்டுப் போனார். அலமாரிச் சாவி என் அண்ணனிடம் வந்தது. அண்ணன் தோட்டத்து லோரி ஓட்டுநர், கிளப்பின் சுடும் பிரிவுக்கு அவன்தான் தலைவன். பழைய துப்பாக்கியை அவன் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வான். புதியதைத் தொடமாட்டான். டார்ச் லைட் என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தான்.

எனக்கு அந்த டார்ச் லைட் மேல் முதல் நாளே நம்பிக்கை வந்துவிட்டது. அதற்குக் காரணம் என் வேலை. விடியுமுன் தோட்டத்து முச்சந்தியில் வந்து நிற்கும் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறி, நீலாய்ப் பக்கம் ஒரு ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சின்னச் சின்ன சுவிட்சுகளை அழுத்திச் சோதித்து அனுப்பும் பிரிவு. ஒரு நல்ல சுவிட்ச் காலையில் எப்படியோ அப்படியேதான் மாலையிலும் இருக்கும். அதற்குத் தலைவலி வராது, கோபம் வராது, தீபாவளிக்கு முந்தின நாள் கவனம் சிதறாது. மனிதர்களிடம் எனக்கு இவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பழைய துப்பாக்கியில் ட்ரிக்கரை இழுத்தால் உள்ளே ஒரு கொக்கி இன்னொரு கொக்கியின் மேல் உரசி நழுவ வேண்டும். எண்ணெய் காய்ந்தால் ஒரு கனம், வெயில் ஏறினால் ஒரு கனம். அண்ணனின் விரல் அந்தக் கனங்களையெல்லாம் தெரிந்து வைத்திருந்தது. என் விரலுக்கு அந்தப் பொறுமை இல்லை. காலையில் நன்றாகச் சுடுவேன், மதியத்துக்குள் குண்டுகள் அட்டையில் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். புதியதில் அந்தச் சண்டையே கிடையாது. விரல் தொட்டால் போதும், எப்போதும் ஒரே கனம். எண்ணியதற்கும் குண்டு புறப்படுவதற்கும் நடுவில் துப்பாக்கி ஆட நேரமே இராது. அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. ஒரு சின்ன விசையைத் திருப்பிவிட்டால் குண்டும் வேண்டாம், காற்றும் வேண்டாம், ட்ரிக்கரை மட்டும் அழுத்தி அழுத்திப் பழகலாம். ஒவ்வோர் அழுத்தலுக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். வேலை முடிந்து வந்ததும் கிளப்பின் வெள்ளைச் சுவரைக் குறிபார்த்து நான் 'டிக் டிக்' என்று அழுத்திக்கொண்டிருப்பேன். கேரம் ஆட வருகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் அட்டைகளில் ஓட்டைகள் நடுவில் கூடிக்கொண்டு வந்தன.

அப்போதுதான் மாநிலப் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. தேர்வு சிரம்பானில். எனக்கு அந்த அணியில் இடம் வேண்டும் என்று வெறியே பிடித்துவிட்டது. வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

நான் இப்படி ஆசைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் துப்பாக்கி நிற்க ஆரம்பித்தது. ஒரு தடவை அழுத்தினால் சுடும், அடுத்த தடவை சும்மா இருக்கும். பேட்டரியை மாற்றினேன், ஒரு நாள் சரியாக இருந்தது. மறுநாள் பழைய கதைதான். தோட்டம் முழுக்க இதுதான் பேச்சு. அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

கிளப்புக்குத் தலைவர் எங்கள் மண்டோர், பால்மரக் காட்டில் வேலையாட்களை மேய்ப்பவர். நல்ல மனிதர், ஆனால் முடிவெடுப்பதில் அவசரக்காரர். கூட்டம் போட்டு என்னையும் கூப்பிட்டார்.

"சிரம்பான் கிளப்புல இத கேக்குறாங்க. இன்னும் சுடும்போதே தள்ளிவிட்டுடலாம்மா. அந்தக் காசுல பழைய மாதிரி ரெண்டு வாங்கிக்கலாம்."

"தேர்வு முடியட்டும் மாமா. அதுவரைக்கும் டைம் குடுங்க."

"சரி லா. ஆனா தேர்வுல ஒரு தடவ நின்னுச்சு, அதோட சரி. திங்கக்கிழமயே வித்துருவோம். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

நான் அழுகிற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனைச் சாவியோடு இழுத்துக்கொண்டு அலமாரிக்குப் போனேன். அந்த அலமாரி எங்கே இருந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், எங்கள் ஆட்களுக்கு அது ரொம்ப இயல்பு. ரப்பர் சீட்டுகளைக் கொடியில் தொங்கவிட்டு விறகுப் புகையில் காயவைக்கும் புகைவீடு ஒன்று தோட்டத்தில் இருந்தது. அதை ஒட்டினாற்போல் ஓர் அறை. தோட்டத்திலேயே ஈரம் அண்டாத இடம் அது ஒன்றுதான். மழைக் காலத்தில் மற்ற இடங்களில் செருப்பில்கூடப் பூசணம் பூக்கும். அதனால் கெட்டுப்போகக் கூடாதது எல்லாம் அந்த அறைக்குத்தான் போகும்: திருவிழா மேளங்கள், நாடக உடுப்புகள், பஜனைக் குழுவின் ஆர்மோனியம். துப்பாக்கி அலமாரியையும் அங்கேதான் வைத்திருந்தார்கள். பழைய துப்பாக்கியில் ஒரு பொட்டுத் துருகூடக் கிடையாது, அண்ணனுக்கு அதில் பெருமை.

புதியதைக் கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். ரப்பர் சீட்டு வாடை அடித்தது. பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் தேயிலைச் சாயம் போல ஒரு பழுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணே, இது புகை. இரும்புக்கும் மரத்துக்கும் இது நல்லது. கரண்டு போற எடத்துல இது படிஞ்சா எப்படிண்ணே கரண்டு போகும்?"

அண்ணன் துணியை வாங்கி முகர்ந்து பார்த்தான். "அப்போ என்னோடது மட்டும் எப்படி நல்லா இருக்கு?"

"ஒன்னோடதுல கரண்டு ஏது?"

தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வந்து தொடும் முனைகளையெல்லாம் துடைத்தேன். போலீஸ் நிலையத்தில் சொல்லி, அனுமதி வாங்கி, அலமாரியை ஆபீசுக்கு மாற்றினோம். ஈரத்துக்காகத் துப்பாக்கிப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் உப்புப் பைகளைப் போட்டேன், அவை எங்கள் ஃபேக்டரிப் பெட்டிகளில் வருபவை. அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கி ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆனால் ஒரு பொருளுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டால் ஸ்பிரிட் வைத்துத் துடைத்தாலும் போகாது. மண்டோர் சொன்ன சொல்லில் நின்றார். தேர்வுக்குக் கிளம்பும்போது அண்ணன் பழைய துப்பாக்கியையும் பெட்டியோடு லோரியில் ஏற்றினான். நான் பார்த்துவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தேன்.

தேர்வில் முதல் பாதி எனக்கு அவ்வளவு அருமையாக அமைந்தது. அழுத்த வேண்டிய நொடியில் அழுத்தினேன், குண்டு போக வேண்டிய இடத்துக்குப் போனது. அணியில் மூன்று பேருக்குத்தான் இடம், நான் அதற்குள் இருக்கிறேன் என்பது பக்கத்தில் நின்றவர்களின் முகங்களிலேயே தெரிந்தது. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, முடித்துவிட்டால் அணி என்று ஒரு நினைப்பு வந்தது. வந்திருக்கக் கூடாது.

குறி பார்த்தேன். அட்டையின் கறுப்பு வட்டம் துப்பாக்கியின் குறி வளையத்துக்குள் அழகாக வந்து உட்கார்ந்தது. சுடவில்லை. துப்பாக்கியை இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி தூக்கினேன். மறுபடியும் சுடவில்லை. புகை இன்னும் எங்கேயோ மிச்சம் இருக்கிறதோ என்று பயந்துபோனேன். விசையைத் திருப்பி, சும்மா அழுத்திப் பார்த்தேன். 'டிக்'. இன்னொரு தடவை அழுத்தினேன். 'டிக்'. விளக்கும் எரியவில்லை, பேட்டரி நன்றாக இருந்தது. விசையைப் பழையபடி வைத்துவிட்டு மூன்றாம் தடவை குறி பார்த்தபோதுதான் புரிந்தது. நான் அழுத்தவே இல்லை. அழுத்து என்று தலை சொல்கிறது, விரல் மரக்கட்டையாக நிற்கிறது. பயம். வெறும் பயம்.

மேற்பார்வைக்கு நின்ற மலாய்க்காரர் அருகில் வந்தார். பார்வையாளர்களைப் பிரித்துக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் அண்ணன் எழுந்துவிட்டான், பழைய துப்பாக்கிப் பெட்டியின் கைப்பிடியை அவன் பிடித்திருந்தது தெரிந்தது.

"செனாப்பாங் ரோசாக்கா?" துப்பாக்கி பழுதா என்று அதிகாரி கேட்டார்.

பழுது என்று கை தூக்கினால் போதும். விதிப்படி வெளியே வந்து சரிபார்க்கலாம், வேறு துப்பாக்கி எடுக்கலாம், போன நேரத்தைத் திருப்பித் தருவார்கள். அந்த நேரத்தில் தண்ணீர் குடித்து, முகம் கழுவி, விரலைத் திரும்ப மனித விரலாக்கிக்கொள்ளலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நின்றுபோகும் துப்பாக்கி என்று அது ஏற்கனவே பெயர் வாங்கிவிட்டது. எனக்குக் கை தூக்க வேண்டும் போலத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் காலையிலிருந்து நான் சொன்னதை ஒன்றுகூடத் தட்டாமல் செய்த பொருள் அது. அதன் மேல் பழி போட எனக்கு வாய் வரவில்லை.

"தாக். செனாப்பாங் ஓகே," என்றேன். "சாயா யாங் தாக் ஓகே."

இல்லை, துப்பாக்கி நன்றாக இருக்கிறது, நான்தான் சரியில்லை என்று சொன்னதைக் கேட்டு அவர் தலையாட்டினார். பின்னால் போய் நின்றார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் விசையைத் திருப்பி, கிளப் சுவரில் பழகியது போலவே 'டிக் டிக்' என்று அழுத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மெல்ல மெல்ல விரலுக்கு உயிர் வந்தது. விசையைப் பழையபடி வைத்துச் சுட்டேன், நன்றாகவே சுட்டேன். ஆனால் மிச்சக் குண்டுகளுக்கு நேரம் போதவில்லை, கடைசி சிலவற்றை அவசர அவசரமாகச் சுட்டேன்.

நான்காவதாக வந்தேன். மூன்று பேர் அணி, நான் மாற்று ஆள்.

திரும்பும் வழியில் லோரி லுக்குட் டவுனைத் தாண்டியது. அண்ணன் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"கை தூக்கியிருக்கலாமே. யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்கமாட்டாங்க. அதான் தூக்கல."

"எடம் போச்சே."

"போச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வருத்தமாக இருந்தது, ரொம்ப வருத்தமாக இருந்தது. ஆனால் வெட்கமாக இல்லை.

மறுநாள் மாலை மண்டோர் கிளப்பில் காத்திருந்தார். சிரம்பான் கிளப்புக்குப் போன் போடத் தயாராக, நம்பரை எடுத்து மேசையில் வைத்திருந்தார். "நின்னுச்சாமே," என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் போனான்.

"துப்பாக்கி நிக்கல மாமா. நான் அங்கதானே இருந்தேன். தங்கச்சிக்குத்தான் வெரல் நின்னுடுச்சு. வேணும்னா இவளத்தான் விக்கணும், யாரும் வாங்கமாட்டாங்க."

மண்டோர் சிரித்துவிட்டார். அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், விற்கிற பேச்சு அதோடு முடிந்தது. நான் உள்ளே போய் வெள்ளைச் சுவருக்கு எதிரே நின்றேன்.

அடுத்த வருஷம் அணியில் எனக்கு இடம் கிடைத்தது, அந்தத் துப்பாக்கியோடுதான் போனேன். அன்றைக்குக் கை தூக்கியிருந்தால் ஒரு வருஷம் முன்னாலேயே அணியில் இருந்திருப்பேன். சுடுவதற்குத்தான் துப்பாக்கி இருந்திருக்காது.