ஒன்பதாவது வளைவில் சுருங்கிய தோல்

செய்தி வந்தபோது நான் வேலூர் சத்துவாச்சாரியில் பால் பூத்துக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்தேன். முதல் பஸ் பிடித்து ஆம்பூரிலிருந்து வந்த ஷெரீப் பாய், என் வீட்டில் விசாரித்துவிட்டு அங்கேயே தேடிக்கொண்டு வந்தார். தோல் பதனிடும் டிரம் செக்‌ஷனில் எங்களோடு வேலை பார்த்தவர். "சாரே, நம்ம மணி போய்ட்டான். விடியகாலம் நெஞ்சு வலின்னானாம், அவ்ளோதான். மூணு மணிக்கு அடக்கம்" என்றார். பால் வாங்காமலே வீடு திரும்பி, சட்டை மாற்றிக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன்.

மாசிலாமணி எங்கள் தோல் தொழிற்சாலையில் ஃபிட்டர். பாய்லர், கம்ப்ரஸர், பம்ப் எல்லாம் அவன் கையில். நான் அதே தொழிற்சாலையின் லேபில் இருந்தேன். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே வயது. அவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நம் தொழிற்சாலை ஊழியர்களின் இந்த மலரைப் படிக்கும் பழைய தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடக்கம் முடிந்த மறு வாரம் கேன்டீன் ஹாலில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். சின்ன முதலாளி மைக் பிடித்தார். "மாசிலாமணி ரொம்ப சாந்தமானவர். விசுவாசமான ஊழியர். ஒரு தடவை என் கார்ல அவர் செஞ்ச தப்பை எல்லார் முன்னாடியும் அவரே ஒத்துக்கிட்டார். அந்த நேர்மை இப்ப யாருக்கு வரும்?" என்றார். ஹாலே தலையாட்டியது. சாந்தமா? மாசிலாமணியா? வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று மானேஜர் கம்ப்ரஸருக்கு ஜமுக்காளம் போர்த்தி அழகு பார்த்தபோது, அதை உருவி அவர் காலடியிலேயே எறிந்தவன் அவன். "அதுக்கே மூச்சு முட்டுது, இதுல ஜோடனை ஒண்ணுதான் கம்மி!" என்று அவன் கத்தியது கேட் வரை கேட்டது. செத்துப்போனவன் எழுந்து மறுக்கமாட்டான் என்கிற தைரியத்தில் ஆளையே மாற்றிவிடுகிறார்கள். என்ன அநியாயம் இது!

அந்தக் கார் கதையை நான் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் சின்ன முதலாளி கப்பலில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இறக்கினார். சிவப்பு நிறம், இரண்டே சீட், பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டர் இரண்டு. வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பக்கத்து முதலாளி வீட்டுப் பிள்ளைகள் ஏலகிரி மலைச்சாலையில் கார் ஏற்றிப் போட்டி போடுவார்கள். அதற்காகவே வாங்கியது. குளிர் தேசத்தில் செய்த வண்டி நம் ஊர் வெயிலுக்கு என்ன செய்யும், பாவம்! மார்கழியில் பறந்தது பங்குனியில் முக்கி முனகியது. மேடு கண்டால் கறுப்புப் புகை கக்கியது. பெட்ரோலில் கலப்படம் என்றார் ஒருவர். கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார் மதராஸிலிருந்து வந்த இன்னொருவர்.

மாசிலாமணி என் லேபுக்கு வந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போனான். கேட்கக்கூட இல்லை. அதைக் கார்புரேட்டரின் வாய் பக்கத்தில் துணி சுற்றிக் கட்டி, வாணியம்பாடி வரை டிரைவரை ஓட்டச் சொல்லி, தானும் கூடப் போய்வந்தான். வந்ததும் பானட்டைத் திறந்து எனக்குக் காட்டினான். வெளியே நாற்பது டிகிரி, உள்ளே எழுபதைத் தாண்டி நின்றது.

"பாத்தியா? கார்புரேட்டர்ல ஒரு கோளாறும் இல்ல. ரேடியேட்டர் ஊதற அனலு, புகைக்குழாய் சூடு, எல்லாம் சேந்து வெந்துபோன காத்தைத்தான் இது இழுக்குது. சூடான காத்து லேசு. பெட்ரோல் இறங்கறது இறங்கிக்கினேதான் இருக்கு, எரிக்கக் காத்து கம்மி. அதான் புகை. வெளிக்காத்தை நேரா இது வாய்ல கொண்டாந்து விட்டா போதும்யா."

இவ்வளவுதான் அவன் கண்டுபிடிப்பு. முன்பக்கத்து கிரில்லில் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் ஒரு வாய். அங்கிருந்து கார்புரேட்டர் வரை ஒரு குழாய். தகரத்தில் செய்தால் எஞ்சின் ஆட்டத்தில் விரிசல் விடும். வளைந்து கொடுக்கிற ரப்பர் குழாய் அந்த அளவில் எங்கும் அகப்படவில்லை. "நம்ம ஊர்ல தோலுக்கா பஞ்சம்?" என்று மறுபடி என்னிடமே வந்தான்.

இங்கேதான் நான் வருகிறேன். அன்று ஏற்றுமதி சாம்பிள் அனுப்புகிற அவசரம். ஆவாரம்பட்டையில் பதனிட்ட எருமைத்தோல் ஒன்று அலமாரியில் விறைப்பாகக் கிடந்தது. உள்ளே கம்பி வளையம்கூட வேண்டாம், சுருட்டித் தைத்தால் தானே நிற்கும். "சூடு தாங்குமா?" என்று கேட்டான். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தாங்கும், எடுத்துனு போய்யா" என்றேன்.

தோல் தொழில் தெரிந்தவர்களுக்கு இப்போதே நெஞ்சு திக்கென்றிருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குரோம் உப்பு போட்டுப் பதனிட்ட தோல் டிரம்மிலிருந்து இறங்குமுன் ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவோம். சுருங்காவிட்டால்தான் பாஸ். நான் கொடுத்த மாதிரிப் பட்டைத்தோலை அந்தச் சோதனைக்கே கொண்டுபோகமாட்டோம். நனைந்த நிலையில் சூடு பட்டால் அது சுருண்டுவிடும் என்பது லேபில் பீக்கர் கழுவுகிறவருக்கும் தெரியும். நாள் முழுக்க அந்தச் சோதனை செய்வதுதான் என் வேலை. எனக்குத் தோன்றவில்லை!

போட்டியன்று ஏலகிரியில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. முதல் எட்டு வளைவுகளை அந்தக் கார் ஏறியதை நான் ஜீப்பில் பின்னால் இருந்து பார்த்தேன். அப்படி ஒரு ஓட்டம்! பக்கத்தில் மாசிலாமணி தொடையில் தட்டிக்கொண்டே இருந்தான். ரோட்டில் தேங்கிய தண்ணீரை அந்த முன்வாய் வாரி வாரி இழுத்ததை இருவருமே யோசிக்கவில்லை. ஒன்பதாவது வளைவில் கார் திணறி, புகை கக்கி, நின்று, பின்னால் உருண்டு கைப்பிடிச் சுவரில் இடித்தது. யாருக்கும் அடியில்லை. பானட்டைத் திறந்தால், நனைந்த தோல் வெந்து சுருங்கி, குழாய் இருந்த இடத்தில் கருவாடு மாதிரி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு விரல்கூட உள்ளே நுழையாது.

"கொல்லப் பாத்தியாடா? யார்ரா உன்னை இந்த வேலை பண்ணச் சொன்னது?" என்று சின்ன முதலாளி அத்தனை பேர் முன்னால் கத்தினார். மாசிலாமணி என்னை ஒரே ஒரு முறை பார்த்தான். நான் குனிந்து ஷூவைப் பார்த்தேன். "என் தப்புதான் சார்" என்றான்.

மறுநாளே அவனை, மயிர் நீக்கத் தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியின் பம்புக்கு மாற்றினார்கள். பாய்லரைக் காதால் கேட்டே கோளாறு சொல்கிறவனுக்கு அந்த இடம்! சுண்ணாம்புத் தண்ணீரில் அவன் விரல் நுனியெல்லாம் வெடித்தது. ரிட்டயர் ஆகும்வரை அங்கேதான். ஏன்யா மலையில் அப்படிச் சொன்னாய் என்று மாற்றிய புதிதில் ஒருநாள் கேட்டேன். "நீ இன்னும் பர்மனென்ட் ஆவல. உன்ன அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பான். என்னை அனுப்ப மாட்டான், பாய்லரு நின்னா என்னைத்தான் கூப்புடணும்" என்றான். கோபமாகவே சொன்னான். அதைத் தியாகம் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பான்.

அதோடு விட்டானா? இரண்டு மாதம் கழித்து ஒரு குரோம் தோல் துண்டோடு லேபில் வந்து நின்றான். "வேகவை" என்றான். நல்ல தோல்தான், தாங்கும் என்றேன். "உன்னைக் கேக்கல. பீக்கரைக் கேக்கறேன். போடு." போட்டேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். சுருங்கவில்லை. அது மெத்தென்ற தோல், ஆகவே உள்ளே கம்பி வளையங்கள் வைத்துத் தானே குழாயாகத் தைத்தான். "அந்த ஆளுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?" என்றேன். "அவனுக்கு யார் செய்யறா? யோசனை சரி, தோல்தான் தப்பு. யோசனையே தப்புன்னு ஊர் பேசக்கூடாது" என்றான்.

டிரைவரைப் பிடித்து அந்தக் குழாயைக் காரில் மாட்டவைத்தான். அடுத்த வருஷம் அந்தக் கார் மலை உச்சி வரை மூச்சு வாங்காமல் ஏறியது. கோப்பையோடு எடுத்த படம் இன்றும் ஆபீஸ் சுவரில் இருக்கிறது. வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்துத் தானே வடிவமைத்ததாகச் சின்ன முதலாளி கூசாமல் சொன்னார். வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்னார். மாசிலாமணி அன்றும் சுண்ணாம்புக் குழியில்தான் நின்றான். ஓடாத குழாய் அவனுடையது, ஓடிய குழாய் முதலாளியுடையது. இந்தப் பங்கீட்டைத்தான் கேன்டீன் ஹாலில் நேர்மை என்று மைக் போட்டுப் புகழ்ந்தார்கள்.

கூட்டம் முடிந்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மகள் கிரேஸ் பரணிலிருந்து ஒரு துணிப்பையை இறக்கிக் கொடுத்தாள். "இது இன்னா மாமா? அப்பா தூக்கிப் போடவே விடமாட்டாரு. கேட்டா, ஞானத்துக்குத் தெரியும்னு மட்டும் சொல்வாரு." அந்த ஞானம் நான்தான். பிரித்துப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பதாவது வளைவில் சுருங்கிய அதே தோல். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, வாய்விட்டு.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அப்பனுடைய அதே முறைப்போடு என்னைப் பார்த்தாள். "இதை ஏன் மாமா இன்னிக்கு அங்க மைக்குல சொல்லல?"

சின்ன முதலாளி மேல் எனக்கு வந்த கோபமெல்லாம் அந்த வாசலில் என் பக்கம் திரும்பிக்கொண்டது. அவர் சொன்ன தப்பு மாசிலாமணியுடையதல்ல என்று தெரிந்த ஒரே ஆள் அந்த ஹாலில் நான்தான். மலையில் குனிந்தமாதிரியே அங்கேயும் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தோல் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. மாசிலாமணியிடமிருந்து எனக்கென்று வந்தது அதுதான். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். குழாய் யோசனை மாசிலாமணியுடையது, இரண்டு முறையும். தப்பான தோலைக் கொடுத்தவன் நான். இந்தப் பக்கத்தை மலரிலிருந்து கிழித்து ஆபீஸ் சுவரில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் யாராவது ஒட்டுங்கள். ஒட்டமாட்டீர்கள் என்றால் சொல்லுங்கள், நானே பஸ் ஏறி வருகிறேன்.

லேப் ஞானப்பிரகாசம்