அண்ணன் தலையில் முடி கொட்டவில்லை

அந்தத் தெருவில் அவளைக் 'கத்திரி' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முடிவெட்டும் கடை வைத்திருந்ததால் மட்டும் வந்த பெயர் அல்ல, வாயும் அப்படித்தான். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் முதலில் கழுத்தில் துண்டு விழும், அடுத்து கேலி விழும்.

அவள் கேலி பேசாத விஷயம் ஒன்றே ஒன்று, புற்றுநோய். குடலில் அது வந்து அப்பா போனபோது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. மருந்து ஏற ஏற முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அப்போதுதான் தொழில் பழகிக்கொண்டிருந்த அவளே மிஷினை எடுத்து அவர் தலையை மழித்தாள். சில வருடங்களில் அப்பாவின் தங்கையான அத்தைக்குக் கர்ப்பப்பையில் வந்தது, அவரும் போனார். நம் குடும்பத்து ராசி இது என்று உறவினர்கள் பெருமூச்சு விட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

பிறகு அண்ணனுக்கு வந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். ரத்தம் போனதை மூலம் என்று சொல்லித் தள்ளிப்போட்டவன், டாக்டரிடம் போனபோது நோய் குடலைத் தாண்டி ஈரல்வரை போயிருந்தது. பரிசோதனை முடிவு சொல்லும் நாளில் அவளும் கூடப் போனாள். டாக்டரம்மா கட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் குடும்பத்தைப் பற்றித்தான் பேசினார்.

"உடம்புல செல் பிரியும்போதெல்லாம் எழுத்துப்பிழை மாதிரி தப்பு விழும். அதைத் திருத்துறதுக்குன்னே சில ஜீன் இருக்கு. உங்க அப்பாகிட்டேயிருந்து உங்களுக்கு வந்ததுல ஒண்ணு பழுது. அதான் உங்க வீட்ல சின்ன வயசுலயே வருது."

"அப்பா சொத்துன்னு எனக்கு வந்தது இது ஒண்ணுதானா டாக்டர்?" என்றான் அண்ணன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இதுல ஒரு நல்லதும் இருக்கு. பிழை நிறைய இருக்கிறதால, இந்த மாதிரி கட்டியை உடம்போட காவல்காரங்க சுலபமா அடையாளம் கண்டுக்குவாங்க. கட்டி அவங்களைக் கட்டிப்போட்டு வச்சிருக்கு. அந்தக் கட்டை அவிழ்க்கிற மருந்து இருக்கு. எல்லாருக்கும் கேட்கும்னு சொல்லமாட்டேன். உங்களுக்குக் கேட்க நல்ல வாய்ப்பு இருக்கு." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் அந்த ஜீன் வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்தம் கொடுத்தா தெரிஞ்சிடும்."

"நான் கடை திறக்கணும்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுப் பக்கமே அவள் தலைகாட்டவில்லை. போனில் மட்டும் விசாரிப்பாள். இன்னொரு தலையை மழிக்க அவளுக்குத் தெம்பில்லை. மாதங்கள் போயின. ஒரு நாள் காலை, கடையில் கூட்டம் இருக்கும்போதே அண்ணன் உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"காது மூடிடுச்சு. வெட்டி விடு."

அவள் பார்த்தாள். தலையில் முடி காடாக அடர்ந்திருந்தது. "விக்கா?" என்று கேட்டபடி ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், வலிக்குதுடி! இந்த மருந்துல முடி கொட்டலை. அரிப்புதான் உயிரை வாங்குது. ஆனா ஈரல்ல இருந்ததெல்லாம் பாதிக்கு மேல சுருங்கிடுச்சாம். நேத்துதான் சொன்னாங்க."

கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அண்ணன் தலையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அழுதது போதும். நீ ரத்தம் கொடு" என்றான் அவன்.

"தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் தூக்கமே வராதுண்ணா."

"இப்ப மட்டும் தூங்கிக் கிழிக்கிறியா?"

கொடுத்தாள். அவளுக்கும் அந்தப் பழுது இருந்தது. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது சின்னதாக இரண்டு முளைகள் தெரிந்தன. அங்கேயே கிள்ளி எடுத்துவிட்டார்கள். இரண்டுமே இன்னும் புற்றாக மாறவில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால், டாக்டரம்மாவோடு கலந்து பேசி, கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டாள். அத்தையைக் கொன்றது தன்னை நெருங்க இடமே கொடுக்கவில்லை.

அதோடு விடுவாளா? அத்தை மகன் டாக்ஸி ஓட்டுகிறவன். அவனை போனில் விரட்டினாள்.

"அம்மாவுக்கு வந்தது பொம்பளைங்க வியாதி. எனக்கு எதுக்கு?"

"ஏன், உனக்குக் குடல் இல்லையா?"

ஒரு வாரம் முனகியவன் போய்க் கொடுத்தான். அவனுக்குப் பழுது வரவில்லை. முடிவு தெரிந்த அன்று, அவள் கடை வாசலில் டாக்ஸியை நிறுத்தி விடாமல் ஹாரன் அடித்தான். பக்கத்துக் கடைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்களும் கை தட்டினார்கள்.

அப்பா செத்துப்போன வயதை அவள் தாண்டிய வருடத்தில் அண்ணன் மருந்தை நிறுத்தி வெகு நாளாகியிருந்தது. ஸ்கேனில் ஒரு புள்ளிகூட இல்லை, ஊரெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு வழக்கமான குழாய்ப் பரிசோதனை. முந்தின நாள் வயிற்றைக் கழுவும் அந்தக் கண்றாவி மருந்தைத் திட்டிக்கொண்டே குடித்து முடித்திருந்தாள். மயக்கம் தெளிந்து கண் திறந்ததும் டாக்டரம்மா குனிந்தார்.

"குடல் சுத்தமா இருக்கு. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"அடுத்த வருஷம் நிச்சயம் வருவேன் டாக்டர்" என்றாள் கத்திரி. "இப்ப யாராவது சாப்பிட ஏதாவது கொடுங்க. பசி உயிர் போகுது!"