நடந்து போகிற தூரத்தில் ஒரு நல்ல கடை

ஊருக்கு நடுவில் நிற்கிற விடுதி ஒன்றில், வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நின்று பல்லைக் காட்டுவதுதான் என் பொழப்பு. வருகிறவன் அறைச் சாவியைக் கையில் வாங்கியதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "பக்கத்துல, நடந்து போற தூரத்துல, நல்ல சாப்பாட்டுக் கடை ஏதாவது இருக்கா?" எங்கள் கீழ்த்தளத்திலேயே பெரிய டைனிங் ஹால் உண்டு. அங்கே போகச் சொல்ல எனக்கே வாய் வராது. காலையில் வைத்த சூப்பை ராத்திரிவரை ஊற்றுகிற புண்ணியவான்கள். அதனால், "வாசல்ல அண்ணன் நிப்பார், கேளுங்க" என்று அனுப்பிவிடுவேன்.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. கதவு திறந்துவிடுகிறவர். தோளில் பட்டையும் மார்பில் பித்தளைப் பொத்தானுமாகப் பார்க்கத் தளபதி மாதிரி இருப்பார். நின்று நின்று கால் இரண்டும் வீங்கிக் கிடக்கும். அவருடைய மனைவியை நான் அண்ணி என்பேன். வங்கிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பாதி வயசு அடுத்தவர் அடுப்பில் வெந்தவர் அவர். இது சொந்த அடுப்பு. அண்ணன் அனுப்புகிற ஆட்கள் போய் வறுத்த மீனும் சூப்பும் சாப்பிட்டுவிட்டு, திரும்பி வரும்போது அவர் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். "என் பொண்டாட்டி கைப்பக்குவம் சார் அது" என்று அவர் கடைசிவரை சொன்னதில்லை. சொன்னால் ஆள் பிடிக்கிறான் என்பார்களாம். ரோஷக்காரர்.

அப்புறம் எல்லோர் கையிலும் போன் வந்தது, எங்கள் வாயில் மண் விழுந்தது. லிஃப்டிலிருந்து இறங்கும்போதே போனைத் தடவிக்கொண்டு வருகிறவன், கதவைத் திறந்துவிடுகிறவர் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அண்ணி கடையில் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. மாதக் கடைசிக்குள் இருப்பதா காலி செய்வதா என்று சொல்லிவிடு, செருப்புக் கடைக்காரர் ஒருவர் காத்திருக்கிறார் என்று கட்டடக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"ஊரே போனைப் பாத்துத்தான் சாப்பிடுதுன்னா, நம்ம கடையும் போன்ல தெரியணும்ல?" என்று அண்ணனே ஒரு நாள் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, கடையைப் போன் மேப்பில் ஏற்றினார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கதவைத் திறக்கிற கையில்கூடத் துள்ளல்.

ஆனால் கூட்டம் வரவில்லை. வந்ததெல்லாம் ஏச்சுதான். கடையின் பெயருக்குக் கீழே யார் யாரோ எழுத ஆரம்பித்தார்கள். சூப் ஆறிப்போன சூப். மீன் ரப்பர். பரிமாறுகிறவர்கள் ஏதோ தர்மத்துக்குப் போடுகிற மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். அண்ணிக்குக் கண்ணாடி போட்டாலும் அந்தப் பொடி எழுத்து தெரியாது. "படிச்சுக் காட்டுங்க, பரவால்ல" என்று கேட்பாராம். அண்ணனும் வரி விடாமல் படித்துக் காட்டுவாராம். இந்த மனுஷனுக்கு எதை மறைக்கலாம், எதைச் சொல்லலாம் என்ற விவரமே கிடையாது.

அண்ணி சூப்பில் உப்பைக் கூட்டினார், குறைத்தார், மிளகை மாற்றினார். மாற்ற மாற்ற, பல வருஷமாக வந்துகொண்டிருந்த வங்கிக்காரர்களும் முகம் சுளித்தார்கள். ஒரு மத்தியானம் அடுப்படி ஸ்டூலில் அண்ணனை உட்காரவைத்து, ஒரு கிண்ணம் கொடுத்து, "நீங்க சொல்லுங்க" என்றாராம். அண்ணன் குடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கு. இத்தனை பேர் சும்மாவா சொல்லுவாங்க?" என்றாராம். இதை அவரே என்னிடம் வந்து சொன்னார், ஏதோ நியாயம் பேசிவிட்ட மாதிரி. தலையில் அடித்துக்கொண்டேன். "வாய்ல கொழுக்கட்டையா இருந்துச்சு? நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன அண்ணே?" என்று கேட்டேன். "பொய் சொல்லச் சொல்றியாம்மா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மாதக் கடைசியும் வந்தது. அன்று மத்தியானம், ஊருக்குப் புதுசாக வந்த ஒரு ஜோடி வெளியே போன வேகத்தில் திரும்பி என் மேஜைக்கு வந்தது. "இந்தக் கடை எங்கம்மா இருக்கு? வந்து சேந்துட்டீங்கன்னு போன் சொல்லுது, ஆனா இங்க உங்க விடுதிதான் நிக்குது" என்றார் அந்த அம்மாள். வாங்கிப் பார்த்தேன். அண்ணி கடையின் பெயர். மேப்பில் அதன் புள்ளி எங்கள் வாசல்மேலேயே குத்தி நிற்கிறது. கீழே முந்தின நாள் எவரோ எழுதியிருக்கிறார்: சூப் மோசம், மூலையில் இருக்கிற பியானோ அதைவிட மோசம்.

அண்ணி கடையில் பியானோவுக்கு எங்கே போக? அது எங்கள் டைனிங் ஹாலில் ஒட்டடை படிந்து கிடக்கிற பியானோ. ஓடிப்போய் அண்ணனைப் பிடித்தேன். "போன்ல ஏத்தினப்போ எங்க இருந்தீங்க?" "எங்க இருப்பேன்? இங்கதான், கதவுகிட்ட. நீங்க இப்ப நிக்கிற இடம்தானான்னு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கினேன். நான் வேற எங்கம்மா நிக்கிறேன்?"

விஷயம் இவ்வளவுதான். கடையைத் தேடி வந்தவர்களையெல்லாம் போன் எங்கள் விடுதிக்கே கூட்டி வந்திருக்கிறது. இதுதான் போலிருக்கிறது என்று அவர்களும் டைனிங் ஹாலில் உட்கார்ந்து எங்கள் சூப்பைக் குடித்திருக்கிறார்கள். வெளியே வந்ததும் சாப்பாடு எப்படி என்று போன் கேட்க, வயிற்றெரிச்சலையெல்லாம் அண்ணி பெயரில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அண்ணன் சீருடையோடு கடைக்கு ஓடினார். கதவையாவது, வேலையையாவது! மேஜையை அப்படியே போட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன். வீங்கின காலோடு அந்த மனுஷன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

"ஏய், கேட்டியா? அதெல்லாம் உன் சூப்பே இல்லடி! எங்க விடுதிச் சூப்பு! உன் கையில ஒரு குறையும் இல்ல!" மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினார். அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் நின்றது. இப்போது சிரிப்பார், இல்லை அழுவார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்படியா" என்றார். "காலையிலயே கட்டடக்காரர்கிட்ட கடை வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"சொன்னா என்ன? இப்பவே போறேன். கால்ல விழுந்தாவது கேட்டு வாங்கிட்டு வரேன். புள்ளிய மாத்திட்டா எல்லாம் சரியாயிடும்."

"வேணாங்க."

"ஏன் வேணாம்? அதான் உன் சூப்பு இல்லைன்னு ஆயிடுச்சே!"

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தார். கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"முகம் தெரியாதவங்க எழுதினாங்க, அவங்க குடிச்சது வேற சூப்பு. சரி. அன்னிக்கு இந்த ஸ்டூல்ல உக்காந்து, என் கையால வாங்கிக் குடிச்சிட்டு, சப்புன்னு இருக்குன்னீங்களே. அது எந்தக் கடை சூப்புங்க?"

அண்ணன் அந்த ஸ்டூலிலேயே போய் உட்கார்ந்தார். அண்ணி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் பழைய பாத்திரக்காரனுக்குப் போகப்போகிற குண்டான்தான். ஆனாலும் அதை மறுபடி கையில் எடுத்து, அடிக்கரி போகத் தேய்க்க ஆரம்பித்தார்.