ஒவ்வொரு வரியிலும் ஜமீலாவின் பெயர்

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அழகர்கோவில் கருப்பன் செய்த உதவியை மறைத்தால் அது இரண்டாவது திருட்டாகிவிடும்.

எண்பத்தைந்தில் மதுரையில் ஒரு மில்லின் கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராமராக இருந்தேன். அந்தப் பிரிவை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறொரு கம்பெனியில் சீனியர் புரோகிராமர் வேலைக்கு விளம்பரம் வந்தது. என்னோடு வேலை பார்த்த ஜமீலாவுக்கும்தான் வேலை போகிறது. அந்தப் பேப்பரை அவள் கண்ணில் படாமல் மடித்து வைத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? நூல் இருப்பு பார்க்க அவள் எழுதிய புரோகிராமை நான் எழுதியதாக விண்ணப்பத்தில் போட்டேன்.

இண்டர்வியூவுக்கு முந்தின நாள் அழகர்கோவில் போனேன். எங்கள் பக்கத்தில் வழக்கு என்று வந்தால் பதினெட்டாம்படிக் கருப்பன் வாசலில்தான் சத்தியம் செய்வார்கள். பொய்க்காரன் அங்கே கால் வைக்கவே பயப்படுவான். நான் போய், அங்கே சாமியாகக் கும்பிடுகிற சந்தனம் பூசிய கதவுக்கு முன்னால் விழுந்து, "அய்யா, என் மானத்தைக் காப்பாத்து" என்று அழுதேன். எந்த வாசலில் எதைக் கேட்கிறோம் என்ற புத்திகூட இல்லை.

மறுநாள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆதாரத்துக்கு அந்தப் புரோகிராமை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். நடுவில் இருந்தவர் தாள்களைப் புரட்டி, வலது ஓரத்தில் விரலை வைத்தார்.

"யாரு தம்பி இந்த ஜமீலா?"

நாங்கள் புரோகிராமைக் கார்டில் துளைபோட்டு ஏற்றுவோம். ஒவ்வொரு கார்டிலும் கடைசி எட்டு இடத்தைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. எழுதியவர் அதில் தன் பெயரைப் போட்டுக்கொள்வது வழக்கம்; அச்செடுத்தால் அது வலது ஓரத்தில் வரும். தினமும் பார்த்துப் பழகியதால் என் கண்ணில் அது படவே இல்லை. ஒவ்வொரு வரியிலும் அவள் பெயர் இருந்தது.

கார்டு அடித்துக் கொடுத்த பெண் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சந்தனக் கதவு கண்முன் வந்தது. பொய்க்கு நாக்கு எழவில்லை.

"எழுதுனது அவங்கதான் சார். நான் பொய் சொல்லிட்டேன்."

செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. அவர் தாள்களை மடித்துக் கொடுத்து, "அந்தப் பிள்ளைய வரச்சொல்லுங்க" என்றார்.

மில்லுக்குத் திரும்பி ஜமீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பேப்பர்ல வந்தப்பவே சொல்லியிருந்தா ரெண்டு பேருமே எழுதிப் போட்டிருக்கலாம்ல அண்ணே" என்றாள்.

அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

சீனியர் வேலை அவளுக்குக் கிடைத்தது. சில வாரங்களில் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. அவளுக்குக் கீழே புரோகிராமர் வேலை. "வேலை தெரிஞ்சவருதான், எடுத்துக்கங்க" என்று அவளே சொன்னாளாம். கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மானத்தைக் காப்பாற்று என்று கேட்டவனை, மூன்று பேர் முன்னால் தலைகுனிய வைத்துத்தான் கருப்பன் காப்பாற்றினான்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. இன்றும் ஜமீலாதான் என் அதிகாரி. நான் எழுதிய கார்டில் மட்டும்தான் என் பெயரைப் போடுகிறேன்.

மனதில் எதையாவது ஒளித்து வைத்திருந்தால் நீங்களும் அந்த வாசலுக்குப் போங்கள். கேட்டதைக் கொடுப்பானா என்று எனக்குத் தெரியாது. பொய்யோடு வாழ விடமாட்டான்.