அக்கா வாங்கிய எதிர்க் கம்பெனி போன்

காரைக்குடியில் ஒரு செல்போன் கடையில் நான் ஊதா டி-ஷர்ட், அக்கா மெரூன் டி-ஷர்ட். கூடப் பிறந்தவர் இல்லை, வயதில் மூத்தவர் என்பதால் அக்கா. கடை ஒருவருடையது, எங்களுக்குச் சம்பளம் தருகிறவர்கள் வேறு. போன் கம்பெனிகள் கடைக்கு ஒருவராகத் தங்கள் ஆளை நிறுத்தி வைக்கும். வருகிறவர்களிடம் பேசித் தன் கம்பெனி போனை வாங்க வைப்பதுதான் அந்த ஆளின் வேலை. அப்படிப் பார்த்தால் அக்காவும் நானும் எதிரிகள். மத்தியானம் மட்டும் ஒரே டப்பாவில் சாப்பாடு. தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா எனக்கும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டு வருவார். கடைக்குள் ஆள் நுழைந்துவிட்டால் அவர் யாரோ, நான் யாரோ.

கொரோனா வந்த வருஷம் செல்போனுக்கான ஜிஎஸ்டி பன்னிரண்டிலிருந்து பதினெட்டு ஆனது. ஊரடங்கு தளர்ந்து கடை திறந்தபோது பிள்ளைகளுக்கெல்லாம் ஆன்லைன் வகுப்பு. இல்லாத வீட்டிலும் ஒரு போன் வாங்கியே ஆக வேண்டும். வரியைக் கூட்ட இவர்களுக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா என்று எனக்கு இன்றும் ஆத்திரம்தான். அக்காவின் கம்பெனி கூடுதல் வரியை அப்படியே விலையில் ஏற்றியது. என் கம்பெனி சந்தையைப் பிடிக்க வேண்டும் என்று பழைய விலையிலேயே விற்றது. பத்தாயிரத்துக்குள் வேண்டும் என்று வந்தவர்கள் அக்காவிடம் விலை கேட்டுவிட்டு என்னிடம் வாங்கினார்கள். விலை கூடிய போன்களைப் பேசிப் பேசி விற்றுத்தான் அக்கா ஈடுகட்டினார்.

அக்காவின் மேனேஜர் போனில் கூப்பிட்டார். இந்த மாதம் என் கம்பெனியைவிடக் குறைவாக விற்றால் இந்தக் கடைக்கு இனி ஆள் கிடையாது என்றார். வரியை ஏற்றியதும் அக்கா இல்லை, விலையை ஏற்றியதும் அக்கா இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அக்காவின் வீட்டுக்காரர் கல்யாணச் சமையலுக்குப் போகிறவர். பந்தியே இல்லாத மாதங்கள் அவை. அக்கா சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் கடை ஓய்ந்திருந்தது. அக்கா துப்பட்டாவை இழுத்து டி-ஷர்ட்டில் இருந்த கம்பெனிப் பெயரை மறைத்துக்கொண்டு, வாங்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை பிளஸ் ஒன். பக்கத்து வீட்டுப் போனை எட்டிப் பார்த்துப் படிக்குது. ஒண்ணு காட்டுத்தா."

"என்னக்கா சொல்றீக? உங்க கம்பெனி போனையே எடுங்க. உங்க கணக்குல ஏறும்ல?"

"ஏறும். அம்புட்டுக் காசு இல்லையே."

"மிச்சத்தை நான் போடுறேன்."

"நீயும் என்னைய மாதிரி சம்பளக்காரிதான். போனை எடு."

எடுத்து வைத்தேன். அவருக்குத் தெரியாததாக எதைச் சொல்வது?

"எல்லார்கிட்டயும் சொல்லுவேல்ல, அது மாதிரி சொல்லு. என்னைய யாரும் இப்படி உக்கார வச்சுச் சொன்னதில்லை."

சொன்னேன். கேமரா, பேட்டரி, வாரண்டி. எல்லாம் தெரிந்த மனுஷி ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டுத் தலையாட்டினார். பில் போட்டுக் கொடுத்தேன். அதில் மத்திய வரி, மாநில வரி என்று தனித்தனியாகப் போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார். "இம்புட்டு நாளா அடுத்தவகளுக்கு வெளக்கிச் சொல்லிக்கிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் வலிக்குது" என்றார்.

மாதம் முடிந்து கணக்குப் பார்த்தபோது அக்காவின் கம்பெனியைவிட என் கம்பெனி போன் ஒன்றே ஒன்று கூடுதலாக விற்றிருந்தது. அந்த ஒன்று எது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். தன் கம்பெனி போனை வாங்கியிருந்தால் அக்கா வேலையில் இருந்திருப்பார்.

டி-ஷர்ட்டைத் துவைத்து மடித்து ஒப்படைக்க வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே பேசினார்.

"அழுகாதத்தா. போன் நல்லா இருக்கு. பிள்ளை கிளாஸ் கேக்குது. நீ சொன்னதுல ஒண்ணும் பொய்யில்லை."

அவர் பஸ்ஸுக்குப் போன பிறகு கடைக்குப் பின்னால் போய் அழுதேன். உள்ளே யாரோ பத்தாயிரத்துக்குள் என்ன போன் இருக்கிறது என்று கேட்கும் சத்தம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் விற்றேன்.