ஏலக்காரர் வாயில் மாத்திரை

காய்கறி மண்டியில் அவரை எல்லோரும் வெங்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே பாதி மறந்துபோயிருந்தது. ஏலம் விடுவது தொழில். மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று வாயைத் திறந்தாரென்றால், வாசலில் லாரிக்குள் தூங்கும் டிரைவர்கூட எழுந்து உட்காருவார். அந்த ஏலக்கூடத்தின் சட்டம் ரொம்பச் சுருக்கம்: ஏலக்காரர் வாய் ஓடும்வரை விலை கேட்கலாம், வாய் நின்றால் கடைசியாகக் கேட்டவருக்குச் சரக்கு. இருமல் வந்து நின்றாலும் நின்றதுதான். அதனால் மூச்சைக்கூட அவர் எண்களுக்கு நடுவே திருட்டுத்தனமாகத்தான் வாங்குவார்.

இப்படிப்பட்ட மனுஷனைத் தேடித்தானா நெஞ்சுவலி வரவேண்டும்? படியேறினால், உரக்கக் கத்தினால், நெஞ்சின் மேல் யாரோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு பாரம். தோள் வழியாகத் தாடைக்கு ஏறும். உட்கார்ந்தால் அடங்கிவிடும். இதயத்துக்கு ரத்தம் போகிற குழாய் சுருங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. துடிப்பை நிதானமாக்க ஒன்று, ரத்தம் உறையாமலிருக்க ஒன்று என்று தினமும் போட இரண்டு மாத்திரை எழுதினார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன மாத்திரையும் கொடுத்தார்.

தினசரி மாத்திரைகளை ஒழுங்காகத்தான் போட்டார். வம்பெல்லாம் அந்தச் சின்னதோடுதான். அதை வாயில் வைத்துக்கொண்டு எப்படிக் கத்துவது? டீயோடு மடக்கென்று விழுங்கிவிட்டு ஏலத்தைத் தொடர்ந்தார். எடை போடும் வேலையிலிருந்த அவர் மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க, முழுங்கிட்டீங்களா? நாக்குக்கு அடியில வைக்கச் சொன்னாங்கல்ல?"

"வாய்க்குள்ள போட்டாச்சு. இனிமே போக வேண்டிய எடத்துக்கு அதுவே போகும். கையப் புடிச்சுக் கூட்டிட்டா போகணும்?"

அது போகவில்லை. ஒருநாள், விழுங்கியது வேலை செய்யாமல், வேர்த்துக் கொட்டி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய் விழுந்தார். டாக்டரம்மா பொரிந்து தள்ளினார்.

"முழுங்கினா முக்கால்வாசியக் கல்லீரலே தின்னுடும். நாக்குக்கு அடியில வச்சாத்தான் நேரா ரத்தத்துல சேரும். உட்காருங்க, வாயை மூடுங்க, கரையற வரைக்கும் பேசாதீங்க. அஞ்சு நிமிஷத்துல அடங்கலைன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. கத்தப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஒண்ணு வச்சுக்கிட்டா வலி வராமலே தடுக்கலாம்."

வீட்டுக் கதவைத் திறக்கும்போது மனைவி சொன்னாள்: "நீங்க ஊமையா இருந்தாலும் பரவாயில்லைங்க. இருந்தாப் போதும்."

அது அவரைச் சுட்டது. மறுநாளிலிருந்து தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒன்றை வைத்துக் கரையவிட்ட பிறகே பெட்டி ஏறினார். மாத்திரையின் வேகத்தில் தலை விண்விண்ணென்று தெறிக்கும். யார் கை தூக்கினார்கள் என்று குழம்பும். வெங்கலம் ஓட்டையாகிவிட்டது என்று வியாபாரிகள் சிரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்.

அப்படி ஒரு நாள் கடைசி லாரி தாமதமாக வந்தது. காலையில் வைத்த மாத்திரையின் பலம் எப்போதோ தீர்ந்திருந்தது. வந்தது குடைமிளகாய். குத்தகை நிலத்தில் தனியாளாகப் பாடுபடும் ஒரு பெண்ணின் சரக்கு. இரண்டு விளைச்சல் பூச்சிக்குப் போய், மூன்றாவதாக அவள் கண்ட வெள்ளாமை அது. கைகளைப் பிசைந்துகொண்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். விலை அப்போதுதான் சூடு பிடித்திருந்தது, நெஞ்சில் மூட்டை இறங்கியது. இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டால் இவள் தலைநிமிர்ந்துவிடுவாள் என்று நினைத்துக் கத்தினார். குரல் பிசிறியது.

அந்தப் பிசிறு என்னவென்று மனைவிக்கு மட்டும்தான் தெரியும். தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். அவரை இறக்கி உட்காரவைத்து, மாத்திரையை வாயில் திணித்தாள்.

"மூடுங்க வாயை."

மூடினார். அந்தக் கணத்தில்தான் பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அவர் பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்தாள். பார்த்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். இன்னும் காலம் கடக்கவில்லை. மூச்சு வாங்கினேன் என்று சாக்குச் சொல்லி ஒரே ஒரு எண்ணைக் கத்திவிடலாம். பழகிப்போன நாக்கு தானாகவே எழுந்தது. கூடவே மாத்திரையும் நகர்ந்தது. அவருக்குச் சாகப் பயமாக இருந்தது. நாக்கை அழுத்திக்கொண்டார்.

"நின்னுபோச்சு, சரக்கு எனக்கு!" என்றார் முன்வரிசை வியாபாரி. ஆட்கள் கூடைகளில் கைவைத்தார்கள்.

"அண்ணே, பின்னாடி கை தூக்கினாரே! உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே!" அவர் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள் அந்தப் பெண்.

"அவருக்கு நெஞ்சுவலிம்மா. பேசக் கூடாது" என்றாள் மனைவி.

அந்தப் பெண் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். ஆனால் அவள் கண் கூடைகளைவிட்டு நகரவில்லை. ஒவ்வொன்றாக அவை வாசலைத் தாண்டின. அவருடைய தாடை இளகியது, தோள் இளகியது, பாரம் இறங்கியது. வலி குறையக் குறைய வெட்கம் ஏறியது.

"இப்ப எப்படிங்க இருக்கு?"

"விட்டுருச்சு" என்றார்.

மாத்திரை முழுதும் கரைந்திருந்தது. அந்தப் பெண் கூனிக்குறுகி எதிரே நின்றாள். "உங்களுக்கு முடியாம இருந்திருக்கு. கையை எங்க கவனிச்சிருப்பீங்க? விடுங்கண்ணே" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அவளே வழிவிட்டிருந்தாள்.

"பாத்தேன்மா" என்றார் வெங்கலம். "நல்லாப் பாத்தேன்."